ஆய்வு உதவித்தொகை யாருடைய பணம்?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த தோழர்கள் ஒரு வேலையைத்தான் கொடுத்தார்கள். "அக்கா, ஃபெல்லோஷிப் எப்படி வாங்குறது, வெளிநாட்டு லேபுக்கு எப்படிப் போறதுன்னு நம்ம பசங்களுக்குச் சொல்லுங்க, அது போதும்" என்றார்கள். சொல்கிறேன். ஆனால் எந்த இணையதளத்தில் எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை உங்கள் கைப்பேசியே சொல்லிவிடும். அது சொல்லாத விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கடைசியில் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லப் போகிறேன்.

என் அப்பா பாலாற்றங்கரையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் 26 வருடம் வேலை பார்த்தவர். சுற்றும் பெரிய மரப் பீப்பாய்க்குள் தோலைப் போட்டு, குரோமியம் உப்புக் கரைசலைச் சேர்த்து, பிறகு அதை வெளியே இழுத்துப் போடுகிற வேலை. அவர் கையில் இருந்த வெடிப்புகள் எந்தக் களிம்புக்கும் ஆறவில்லை. பாலாற்றைத் தோல் கழிவு பாழாக்கியது பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்த ஊர்களில் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். அதனால் முனைவர் பட்டத்துக்கு எந்தத் தலைப்பை எடுப்பது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. நச்சுத்தன்மை மிகுந்த ஆறு இணைதிற குரோமியத்தை, தீங்கு குறைந்த மூன்று இணைதிறக் குரோமியமாக மாற்றும் பாக்டீரியாக்கள் பற்றிய ஆய்வு.

ஆய்வில் சேர்ந்தபோது எனக்கு ஓர் உதவித்தொகை கிடைத்தது. மாதம் 31,000 ரூபாய். தேர்வுப் பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

"படிக்கிறதுக்கு எதுக்கு பாப்பா சம்பளம் தர்றாங்க?"

"படிப்பு இல்லம்மா, இது வேலை. புதுசா ஒண்ணைக் கண்டுபிடிக்கிற வேலை" என்றேன்.

"அப்ப மாசா மாசம் வரும்ல?"

வரும் என்றேன். ஒன்பது மாதம் வரவில்லை.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை, எப்படி நடந்தது என்று சொல்கிறேன். இன்றைக்குப் பெரும்பாலான உதவித்தொகைகளில், மாணவர் இந்த மாதம் வேலை செய்தார் என்று நிறுவனம் உறுதி செய்து பதிவேற்ற வேண்டும். கைடு கையெழுத்துப் போட வேண்டும், துறைத்தலைவர் போட வேண்டும், அலுவலகத்தில் ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். இந்த நான்கு கைகளில் ஏதாவது ஒன்று அசையாவிட்டால் பணம் வராது. யாரும் உங்களிடம் "உனக்குத் தர மாட்டேன்" என்று சொல்லப் போவதில்லை. "சார் லீவு", "சர்வர் டவுன்", "அடுத்த வாரம் வாம்மா" என்றுதான் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஒரு படி மேலே போய், "உங்களுக்கெல்லாம் சும்மா வர்ற காசுதானே, கொஞ்சம் லேட்டா வந்தா என்ன?" என்றார்.

அந்த ஒன்பது மாதத்தில் விடுதி மெஸ் பாக்கி ஏறியது. பாக்கி வைத்தவர்களின் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதில் இருந்த பெயர்களில் முக்கால்வாசி நம் பிள்ளைகளின் பெயர்கள். உதவித்தொகையை நம்பி வந்தவர்கள் நாங்கள்தானே. அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் சாப்பிடப் போக வேண்டும். நான் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். அறைத்தோழி கேட்டால் டயட் என்று சொன்னேன். பத்தாவது மாதம் 2,79,000 ரூபாய் ஒரே நாளில் கணக்கில் ஏறியது. அன்றைக்கே அதில் பாதி கடனுக்குப் போனது.

பணம் மொத்தமாக வந்துவிட்டதே, அப்புறம் என்ன குறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதல் ஒன்பது மாதம்தான் ஓர் ஆய்வாளர் படிக்க வேண்டிய காலம். அந்தக் காலத்தில் நான் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்ததைவிட அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அந்த மாதங்களுக்கு நிலுவைத் தொகை கிடையாது.

தோழர்களே, என் கதை சின்னக் கதை. நான் உயிரோடு இருக்கிறேன், பட்டம் வாங்கிவிட்டேன். சேலம் மாவட்டத்தில் இருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார் திரும்பி வரவில்லை. பன்னியாண்டி சமூகத்தில் இருந்து அவ்வளவு தூரம் படித்துப் போனவர். சேர்ந்து மாதங்கள் ஆகியும் அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் இறந்தார். அதே பல்கலைக்கழகத்தில், எட்டு ஆண்டு கழித்து, 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா. அவருக்கு மாதம் 25,000 ரூபாய் உதவித்தொகை. ஏழு மாதமாக அது வரவில்லை. 1,75,000 ரூபாய். தன் கடைசிக் கடிதத்தில் அந்தத் தொகையை எழுதி, அதைத் தன் குடும்பத்துக்குத் தரும்படி அவர் கேட்டிருந்தார். ரோகித்தை நாம் போராளியாக நினைவில் வைத்திருக்கிறோம். அவர் அறிவியலை நேசித்தவர், கார்ல் சாகன் போல அறிவியல் எழுத்தாளர் ஆக விரும்பியவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

உதவித்தொகையை நிறுத்துவது, தாமதப்படுத்துவது என்பதெல்லாம் நம் காலத்தில் தொடங்கியது அல்ல. விண்மீன்கள் என்றதும் எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். மேக்நாத் சாஹா. 1893இல் டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். வங்கத்தில் தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட சாதி. ஊரில் இருந்த ஒரு மருத்துவர் தன் வீட்டில் தங்க வைத்துப் படிக்க உதவினார். உதவித்தொகை வாங்கி டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். 1905இல் வங்கப் பிரிவினைக் காலத்தில் ஆளுநர் வருகையைப் புறக்கணித்த மாணவர்களில் அவரும் ஒருவர். என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளியை விட்டு அனுப்பினார்கள், உதவித்தொகையை நிறுத்தினார்கள். 12 வயதுப் பையன்.

இன்னொரு பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு கல்கத்தாவில் மாநிலக் கல்லூரி. அங்கே விடுதியில் ஆதிக்கச் சாதி மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். வெள்ளைக்காரன் உதவித்தொகையை நிறுத்தினான், உள்ளூர்க்காரன் பந்தியை நிறுத்தினான். இரண்டையும் தாண்டி, 1920இல் விண்மீன்களின் வெப்பத்துக்கும் அவற்றில் அணுக்கள் அயனியாவதற்கும் உள்ள உறவைச் சொல்லும் சமன்பாட்டை வெளியிட்டார். இன்றைக்கும் வானியற்பியல் பாடநூல்களில் அதன் பெயர் சாஹா சமன்பாடு.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் கேளுங்கள். 1917இல் அவர் ஒரு கட்டுரையை அமெரிக்காவின் புகழ்பெற்ற வானியற்பியல் இதழுக்கு அனுப்பினார். கட்டுரை நீளமானது, அச்சுச் செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றால் வெளியிடுகிறோம் என்று பதில் வந்தது. அவரிடம் பணம் இல்லை. கட்டுரை கல்கத்தாவிலேயே, வெளியுலகம் அதிகம் பார்க்காத ஒரு பல்கலைக்கழக இதழில் வந்தது. நேச்சர் இதழில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஒரு கட்டுரையை வெளியிட 2020இல் நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ. நூறு வருடத்தில் தொகைதான் மாறியிருக்கிறது.

சாஹாவுக்குக் கதவைத் திறந்தது எது? கல்கத்தாவில் கிடைத்த இரண்டு உதவித்தொகைகள். அந்தப் பணத்தில்தான் கப்பல் ஏறினார். லண்டனில் ஆல்ஃபிரட் ஃபௌலரின் ஆய்வுக்கூடத்திலும் பெர்லினில் வால்டர் நெர்ன்ஸ்டின் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். சர்வதேச ஆய்வுக் கூட்டுறவு என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அது இதுதான். தன்னிடம் இல்லாத கருவி இருக்கும் இடத்துக்கு, தன்னிடம் உள்ள யோசனையோடு போவது. போவதற்கு யாராவது டிக்கெட் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கதை இன்னும் முடியவில்லை. சாஹாவின் சமன்பாட்டை வைத்து விண்மீன்கள் எதனால் ஆனவை என்று கணக்கிட்டவர் ஒரு பெண். சிசிலியா பெய்ன். இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு ஆய்வுப் பாதை அடைபட்டிருந்த காலம். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தில் பெண்களுக்கென்று இருந்த உதவித்தொகையில் போய்ச் சேர்ந்தார். விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று 1925இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் காட்டினார். அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்கவில்லை. அவர் அழுத்தத்தால், அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று பெய்னே தன் ஆய்வேட்டில் எழுத வேண்டியிருந்தது. நான்கு வருடம் கழித்து ரஸ்ஸலே பெய்ன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்.

இடஒதுக்கீட்டு உதவித்தொகையால் அறிவியலின் தரம் குறைந்துவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். சாதியால் பந்தியில் இருந்து எழுப்பப்பட்ட ஒருவர் எழுதிய சமன்பாடு. பெண்களுக்கென்று ஒதுக்கிய பணத்தில் படித்த ஒருவர் போட்ட கணக்கு. இந்தப் பிரபஞ்சம் பெரும்பாலும் எதனால் ஆனது என்பது மனிதகுலத்துக்கு அப்படித்தான் தெரிந்தது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஆய்வுக்குத் தரும் பணம் ஒரே வகையானது அல்ல. நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் வாங்கும் மாணவருக்கு 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய். மூன்றாம் ஆண்டில் இருந்து 42,000. 2018ஆம் ஆண்டு பட்ஜெட்டில் பிரதமர் ஆய்வு உதவித்தொகை என்று ஒன்றை அறிவித்தார்கள். அதில் முதல் இரண்டு ஆண்டு மாதம் 70,000, கடைசி இரண்டு ஆண்டு 80,000. ஐஐடி போன்ற உயர் நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு. அதில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஒதுக்கீடு இல்லை.

மாத உதவித்தொகையில் உள்ள வேறுபாடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்டிஞ்சென்சி என்று ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். வேதிப்பொருள் வாங்க, மாதிரிகளைச் சோதிக்க, பயணம் போகத் தரும் பணம். ஜேஆர்எஃப் வாங்கும் அறிவியல் மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். பிரதமர் உதவித்தொகையில் ஆண்டுக்கு 2 லட்சம். நான் ஒரு தண்ணீர் மாதிரியில் குரோமியம் அளவை வெளி ஆய்வுக்கூடத்தில் சோதிக்க 600 ரூபாய் கொடுத்தேன். எனக்கும் ஆண்டுக்கு 12,000தான். அதை முழுதாகச் செலவழித்தால் 20 மாதிரிகள். ஒரு வருடத்துக்கு 20 மாதிரிகளை வைத்துக்கொண்டு நான் எழுதும் கட்டுரையையும், வேண்டிய அளவு சோதித்த இன்னொருவர் எழுதும் கட்டுரையையும் ஒரே தராசில் வைப்பார்கள். அவருடையது நல்ல இதழில் வரும். அதைக் காட்டி அவர் அடுத்த நிதியை வாங்குவார். அதற்குத் திறமை என்று பெயர் வைப்பார்கள்.

நான் சொல்வது ஊகம் இல்லை. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் இன்ஸ்பயர் ஆசிரியர் உதவித்தொகை, இளம் விஞ்ஞானிகள் தங்கள் சொந்த ஆய்வைத் தொடங்குவதற்கானது. 2016 முதல் 2020 வரை அதைப் பெற்றவர்களில் 80 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர், பட்டியல் சாதியினர் 6 விழுக்காடு, பழங்குடியினர் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே என்று நேச்சர் இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. மாணவராக நுழையும் இடத்தில் இடஒதுக்கீடு இருக்கிறது. நிதி பிரிக்கும் இடத்தில் இல்லை. எங்கே இல்லையோ அங்கே நாமும் இல்லை.

2023இல் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை என்று புதிதாகச் சட்டம் இயற்றினார்கள். ஐந்து ஆண்டில் 50,000 கோடி ரூபாய் ஆய்வுக்கு என்றார்கள். அதில் 36,000 கோடி அரசு அல்லாத இடங்களில் இருந்து வரும் என்பது திட்டம். இந்தப் பணத்தை யார் யார் பெறுகிறார்கள் என்று சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிடு என்று கேட்பதுதான் நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அடுத்தது வெளிநாடு. 1913ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனுக்கு அந்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அவரிடம் பட்டம் இல்லை. விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் போக ஆண்டுக்கு 250 பவுண்டு. நல்ல காரியம்தான், அந்த ஏழை இளைஞருக்கு அது கிடைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவருக்காகப் பேசியவர்கள் யார் என்று பாருங்கள். கணிதச் சங்கத்தைத் தொடங்கிய ராமசுவாமி அய்யர், மாவட்ட ஆட்சியர் ராமச்சந்திர ராவ், துறைமுக அலுவலகத்தில் நாராயண அய்யர். பசியில் இருந்த ஒரு பார்ப்பன இளைஞர் ஆட்சியர் வீட்டுக் கதவைத் தட்ட முடிந்தது. அதே வயதில் சேரியில் கணக்குப் போட்ட ஒருவர் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்?

அதே 1913இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகை, மாதம் 11.5 பவுண்டு, மூன்று ஆண்டுக்கு. கூடவே, திரும்பி வந்து பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம். லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் படித்தவரைச் சாதி தெரிந்ததும் விடுதியில் இருந்து துரத்தினார்கள். மும்பையில் பேராசிரியராகச் சம்பாதித்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜின் உதவி, ஒரு நண்பரிடம் வாங்கிய கடன், இவற்றோடுதான் 1920இல் மீண்டும் லண்டன் போய்ப் படிப்பை முடித்தார்.

அந்த அனுபவத்தை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, நம் மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்று அரசிடம் வாதாடி வாங்கினார். நீங்கள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை 1954இல் வந்தது.

அந்த வெளிநாட்டு உதவித்தொகையின் இன்றைய நிலை என்ன? ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. நாம் 20 கோடிப் பேர். 2022இல் ஒரு புதிய விதி கொண்டுவந்தார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்தப் பணம் கிடையாது. அண்ணல் 1916 மே மாதம் கொலம்பியாவில் படித்த கட்டுரை இந்தியாவில் சாதிகள் பற்றியது. அந்தத் தலைப்போடு அவர் இன்றைக்கு விண்ணப்பித்தால், அவர் போராடி உருவாக்கிய மரபில் வந்த திட்டமே அவரை நிராகரிக்கும். 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். விமானப் பயணத்துக்குப் பெட்டி கட்டிய பிள்ளையிடம் இப்படிச் சொன்னால் அந்த வீடு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கும் ஒரு பயணம் தவறியது. மூன்றாம் ஆண்டில் ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்குழுவுக்கு நானே மின்னஞ்சல் எழுதினேன். என் பாக்டீரியாவின் மரபணுவைப் பார்க்கும் வசதி அவர்களிடம் இருந்தது. மூன்று மாதம் வரச் சொன்னார்கள். ஒரு பயண நிதிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இரண்டு சிக்கல். முதலாவது, டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் என் கைக்காசில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு ரசீது காட்டித் திரும்ப வாங்க வேண்டும். 1,20,000 ரூபாய். அப்பா மூன்று வட்டிக்குக் கடன் கேட்டு, ஏற்பாடும் செய்துவிட்டார். இரண்டாவது, கைடின் பரிந்துரைக் கடிதம். பத்து நாள் கெடு. ஒவ்வொரு நாளும் அவர் அறை வாசலில் நின்றேன். "இந்த வருஷம் வேண்டாமே, உன் இங்கிலீஷ் இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்றார். கடிதம் கெடு முடிந்து இரண்டு நாள் கழித்துப் போனது. அதே ஆய்வுக்கூடத்தில் இருந்து இன்னொரு மாணவர் அந்த ஆண்டு வேறொரு நாட்டுக்குப் போனார். அவர் மாமா அங்கே பேராசிரியர். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கிடைக்காத கட்டுரைகளை அங்கிருந்து அனுப்பிவைத்தவர் அவர்தான். அவருக்கு ஒரு மாமா இருந்தார், எனக்கு இல்லை. அவ்வளவுதான்.

இப்போது என் தவறு. என் கடைசி ஆண்டில் ஒரு தம்பி முதுகலை முடித்துவிட்டு எங்கள் துறைக்கு வந்தான். அருந்ததியர் சமூகம். அவன் அம்மா நகராட்சித் துப்புரவுப் பணியாளர். "அக்கா, நீங்க எழுதின அப்ளிகேஷனை ஒரு தடவை காட்டுங்க, எப்படி எழுதறதுன்னு தெரியல" என்று கேட்டான். "அனுப்புறேன்டா" என்றேன். அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. யாரும் காட்டாமல் நானாக ஏழு முறை திருத்தி எழுதியது, அதை ஏன் சும்மா கொடுக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. நான் பறையர். நமக்குள்ளும் படிக்கட்டு இருக்கிறது, நான் ஒரு படி மேலே நின்றுகொண்டிருந்தேன் என்பதை அப்போது ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அவன் அந்த ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. இப்போது ஒரு தனியார் மருந்து ஆலையில் ஷிஃப்டு வேலை பார்க்கிறான். அலுவலகத்தில் அந்த மனிதர் எனக்குச் செய்ததையும் கைடு செய்ததையும் இவ்வளவு நேரம் சொன்னேன். அந்தத் தம்பியிடம் கேட்டால் அவன் என்னைப் பற்றிச் சொல்வான். போன மாதம் அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, "இப்ப அனுப்புங்கக்கா, இன்னும் வயசு இருக்கு" என்றான். அன்று இரவே அனுப்பினேன்.

அதனால் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். வெற்றி பெற்ற விண்ணப்பம், தோற்ற விண்ணப்பம், வந்த நிராகரிப்புக் கடிதம், எல்லாவற்றையும் ஒரு பொதுக் கோப்பில் போடுங்கள். நம் வீட்டில் மாமா இல்லை. நாம்தான் ஒருவருக்கொருவர் மாமாவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றையும் தேவைப்படும் முன்பே வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கு இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே போடுங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

மூன்றாவது, உதவித்தொகை தாமதமானால் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையும் எண்ணும் வாங்குங்கள். எந்த மாதத்துக்கான உறுதிப்படுத்தல் எந்தத் தேதியில் பதிவேற்றப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான் அந்த ஒன்பது மாதப் பணம் வந்தது. அதை முதல் மாதமே எழுதியிருக்கலாம். வெட்கம் தடுத்தது. ஆய்வு என்பது வேலை, உதவித்தொகை அதற்கான கூலி. கூலி கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் அப்பா ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

நான்காவது, வெளிநாட்டு மாநாட்டுக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ அழைப்பு வந்தால், பணத்தை முன்கூட்டியே தர முடியுமா, டிக்கெட்டை நீங்களே எடுத்து அனுப்ப முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. பிறகு கேட்ட ஒரு தோழிக்கு மறுவாரமே டிக்கெட் வந்தது. இதழ்களிலும் வெளியீட்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குக் கைடு ஒருவரை மட்டும் நம்பாமல் முதல் ஆண்டில் இருந்தே இன்னும் இரண்டு ஆசிரியர்களிடம் உங்கள் வேலையைக் காட்டி வையுங்கள். ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்புகளுக்கு மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். மேரி கியூரி முனைவர் பட்டத் திட்டத்தில் மாணவரை ஊழியராகவே நியமித்துச் சம்பளம் தருகிறார்கள். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் வெளிநாட்டு மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இவையெல்லாம் நமக்கில்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நிராகரிக்கும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தனியாளாகச் செய்ய வேண்டியவை இவை. அமைப்பாகக் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வர வேண்டும், தாமதித்தால் அதற்குப் பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டும். ஆய்வு நிதி எல்லாவற்றிலும் இடஒதுக்கீடு வேண்டும், பெற்றவர்களின் சாதிவாரிக் கணக்கு வெளிவர வேண்டும். 2022இன் தலைப்புத் தடையை நீக்க வேண்டும். அந்தப் பட்டியலில் உள் ஒதுக்கீட்டையும் சேர்த்தே கேட்கிறேன், என் தம்பியை நினைத்துக்கொண்டு.

என் அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. நான் முனைவர் பட்டம் வாங்கியபோது ஆய்வேட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஒரு படத்தில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். தண்ணீரில் குரோமியம் குறையும் கோடு என்றேன். "எத்தனை நாளில் குறையுது?" என்றார். ஆய்வுக்கூடத்தில் மூன்று நாளில் என்றேன். "நம்ம ஆத்துல?" என்றார்.

அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆற்றில் சோதிக்கப் பணம் வேண்டும். இந்த ஆண்டு மூன்று இடங்களில் நிதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். அந்த மூன்று விண்ணப்பங்களும் இன்றிரவு உங்கள் பொதுக் கோப்பில் இருக்கும்.